பெரட்டுக்கு வந்த கோச்

தோட்டத்துத் தமிழில் மேனேஜர் என்றால் பெரிய துரை. உதவி மேனேஜர் சின்ன துரை. துரையின் மனைவி துரைசானி. துரையே பெண்ணாக இருந்தால் என்ன சொல்வது? அதற்கு வார்த்தை கிடையாது. 2025 மார்ச்சில் மலேசியாவில், பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனை 1,800 ஹெக்டேரில் இருக்கும் தோட்டம் ஒன்றுக்கு மேனேஜராகப் போனேன். முதல் வாரம் முழுக்க என்னை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க", "வந்து...", "அதாவது..." இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார்கள். வங்காளதேசத்துப் பையன்கள்தான் கெட்டிக்காரர்கள். மறுநாளே "மேடம் பாஸ்" என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு எங்கள் கம்பெனி ஒரு கோச்சை ஏற்பாடு செய்து கொடுக்கிறது. ஆறு மாதம், எட்டுச் சந்திப்பு. எனக்கும் கிடைத்தது, செப்டம்பரோடு முடிந்தது. அதிலிருந்து தெரிந்த நிர்வாகிகள் நாலைந்து பேர் "உண்மையிலேயே பிரயோசனமா, இல்ல காசுக்குப் பிடிச்ச கேடா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். கோச்சிங் நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை. குறையும் சொல்ல இருக்கிறது, யார் பிழைப்பிலும் மண் விழ வேண்டாம். பெட்டாலிங் ஜெயாவில் இரண்டு அறை அலுவலகம் வைத்திருக்கும் சின்ன நிறுவனம், அந்த அளவுக்குத் தெரிந்தால் போதும்.

நம்மவர்களிடம் கோச்சிங் என்றால் உடனே தன்முனைப்பு முகாம்தான் ஞாபகத்துக்கு வரும். ஓட்டல் மண்டபம், மைக், "என்னால் முடியும்" என்று மூன்று தடவை கத்தச் சொல்வது, மதியம் பிரியாணி. நானும் அப்படி நாலு முகாமுக்குப் போய் நாலு டீ-சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். கோச்சிங்கில் அறைக்குள் இரண்டே பேர். முக்கால்வாசி நேரம் பேசுவது நாம்தான். அவர் கேள்வி கேட்பார், காத்திருப்பார், மறுபடி கேட்பார். புத்திமதி சொல்லவே மாட்டார். முதல் இரண்டு சந்திப்பில் எனக்கு அதுதான் தாங்கவில்லை. இருபது வருடமாக உத்தரவு வாங்கியும் உத்தரவு போட்டும் பழகினவள் நான். "இப்படிச் செய்ங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் இவருக்கு என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது. கேட்டும் விட்டேன்.

அதற்கு அவர் டென்னிஸ் கதை சொன்னார். 1970-களில் அமெரிக்காவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த திமோத்தி கால்வே, கையை இப்படி வை, காலை அப்படி வை என்று கத்துவதை நிறுத்திவிட்டாராம். பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல், இதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடு என்றாராம். ஆடுகிறவன் பந்தைக் கவனிக்க ஆரம்பித்ததும் கை தானாகத் திருந்தியது. அதை பிரிட்டனில் கம்பெனிக்காரர்களிடம் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஜான் விட்மோர். அவர் அதற்கு முன்னால் கார்ப் பந்தயம் ஓட்டியவர். கேட்டதும் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. அவருக்குப் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவ, சொல்லிக்கொடுத்தபோது தாத்தா "சீவல் எவ்ளோ மொத்தம்னு பாரு" என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லையாம். கத்தியை எப்படிப் பிடிப்பது என்றுகூடச் சொல்லவில்லை. சீவல் மெல்லியதாக வர வர கை பழகிவிட்டது. அன்றைக்கு என் கோச்சான அந்த அம்மாவிடம் என் கோபம் கொஞ்சம் தணிந்தது.

எனக்கு முதலில் ஒதுக்கியது இந்த அம்மாவை அல்ல. வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை. நல்ல மனிதர், நல்ல ஆங்கிலம். ஒப்பந்தத்துக்கு முன்னால் அரை மணி நேரம் அறிமுகப் பேச்சு உண்டு, பணம் கிடையாது. அதில் "உங்கள் டீம் மீட்டிங் எத்தனை மணிக்கு?" என்றார். காலை ஐந்தே முக்காலுக்கு, விளக்குக் கம்பத்துக்குக் கீழே, நின்றுகொண்டு, தோட்டத்தில் அதைப் பெரட்டு என்போம் என்றேன். சிரித்தார். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். அப்போதே வேறு ஆள் கேட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. இந்த அறிமுகப் பேச்சைத் தலையாட்டிவிட்டு முடித்துவிடாதீர்கள், மொத்த ஏற்பாட்டிலும் நம் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

இரண்டாவதாக வந்தவர் கிள்ளான்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும், தொழிற்சாலையில் ஆள்பல அதிகாரியாக இருந்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். சான்றிதழைப் பற்றி விசாரிக்காமல் யாரையும் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று என் தங்கை எச்சரித்திருந்தாள், ஏனென்றால் கோச் என்று அட்டை அடித்துக்கொள்ள இந்த நாட்டில் லைசன்ஸ் வேண்டியதில்லை. உலகளவில் தெரிந்த அமைப்பு 1995-ல் தொடங்கிய ஐசிஎஃப் என்ற சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு. அதில் மூன்று படி. முதல் படிக்கு 100 மணி நேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும், இரண்டாவதற்கு 500, மூன்றாவதற்கு 2,500. அக்கா இரண்டாவது படி. மணிக்கணக்கை வைத்து ஆளை எடை போட முடியுமா என்றால் முடியாது. ஆனால் 500 மணி நேரம் அடுத்தவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பொறுமை ஒருவருக்கு இருக்கிறது என்றாவது தெரிகிறதே.

முதல் இரண்டு சந்திப்பு ஆங்கிலத்தில் நடந்தது. மூன்றாவதில் நான் என்னை அறியாமல் தமிழுக்குத் தாவினேன், அவரும் கூடவே வந்தார். அவருடைய தமிழ் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, சொல் கிடைக்காமல் நடுவில் மலாய் வரும். ஆனாலும் அன்றைக்குத்தான் உருப்படியான பேச்சு நடந்தது. ஆங்கிலத்தில் நான் பேசுகிற பிரச்சினைகள் எல்லாம் தலைமையகத்துக்குப் போகும் அறிக்கை மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தன. தமிழில்தான் வயிற்றெரிச்சல் வெளியே வந்தது.

குணநலச் சோதனை என்று ஒன்று. கணினியில் நாற்பது நிமிடம், முடிவில் நம்மை ஒரு நிறமாக்கிக் காட்டுகிறது. எனக்குச் சிவப்பு வந்தது. அலுவலகத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியிடம் சொன்னேன். "நல்லதுதானே, பழுத்த குலை" என்றார். அந்தச் சோதனையால் கிடைத்த பலன் அந்தச் சிரிப்பு ஒன்றுதான். மேலே எதுவும் எழுத இல்லை.

விஷயம் இருந்தது அடுத்த கட்டத்தில். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் எட்டுப் பேரிடம் அக்கா தனித்தனியாகப் பேசினார். இரண்டு சின்ன துரைகள், பெரிய கிராணி, ஆட்களை மேய்க்கிற இரண்டு மண்டோர்கள், காட்டு வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர், மருந்தகத்து டிரெஸ்ஸர், எனக்கு மேலே இருக்கிற வட்டாரத் தலைவர். யார் என்ன சொன்னார்கள் என்று பெயர் வராது, சாரம் மட்டும் வரும். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம். அதை நாலாவது சந்திப்பில் என் முன்னால் வைத்தார். எட்டில் ஐந்து பேர், கேட்காமலே, ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். நான் உதிரிப் பழம் பொறுக்குகிறேன் என்று.

தோட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செம்பனைக் குலை பழுத்தால் அதிலிருந்து பழம் கழன்று கீழே உதிரும். அதுதான் குலை வெட்டத் தயார் என்பதற்கு அடையாளம். உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் அதிகம். ஆனால் புல்லிலும் மட்டை இடுக்கிலும் கிடப்பதை ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்க வேண்டும், நேரம் பிடிக்கிற வேலை. விட்டுவிட்டுப் போனால் காசு தரையில் கிடக்கிறது. அதனால் எந்த மேனேஜரும் காட்டுக்குள் போனால் முதலில் மரத்தடியைத்தான் பார்ப்பார்.

நான் பார்ப்பதோடு நிற்பதில்லை. குனிந்து பொறுக்கி, கை நிறைந்ததும் குலை சேர்க்கிற பிளாட்பாரத்தில் கொண்டுபோய்ப் போடுவேன். தெலுக் இந்தான் பக்கம் என் அம்மா செய்த வேலை அது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் சாக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போயிருக்கிறேன். தரையில் பழம் கிடந்தால் என் முதுகு தானாக வளையும், அதைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பழைய வெள்ளைக்காரத் துரைகள் மாதிரி கைத்தடியை நீட்டிக் காட்டாமல், மேனேஜரே குனிந்து பொறுக்குகிறாள், பார்க்கிறவர்களுக்கு ஒரு முன்மாதிரி என்று.

அக்கா படித்துக் காட்டிய வரி: "எங்க முதுகுக்குப் பின்னால எண்ணிட்டுப் போறாங்க."

இன்னொன்று: "நேரா திட்டினாக்கூட தாங்கிக்குவோம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் அம்மா கதையை எடுத்தேன், சாக்குக் கதையை எடுத்தேன், பத்து நிமிடம் நியாயம் பேசினேன். அவர் குறுக்கே வரவில்லை. முடித்ததும் ஒரே கேள்வி. "நீங்க குனியும்போது உங்க பின்னால யார் நிக்கிறாங்க?"

பெரிய மண்டோர்தான் நிற்பார். அறுபது வயது தாண்டிய மனிதர், நான் பிறப்பதற்கு முன்பே பெரட்டுக்கு வந்தவர். கையில் குறிப்புப் புத்தகம், பின்னால் பழம் வெட்டுகிற பையன்கள் பத்துப் பேர். அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பொறுப்பில் இருக்கிற இடத்தில், அவர் ஆள் விட்டதை நான் பொறுக்குகிறேன். அவர் நிற்பாரா, குனிவாரா? குனிந்தால் இடுப்பு வலி, நின்றால் மரியாதைக் குறைவு. மூன்று மாதமாக அந்த மனிதரை நான் தினமும் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். இது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? முன்னால் சின்ன துரையாக இருந்தபோதும் இதையேதான் செய்தேன், யாரும் எதுவும் சொன்னதில்லை. அப்போது அது வேலை. மேனேஜரான பிறகு அதே குனிதல் மற்றவர்களுக்கு வேறு மாதிரி தெரிகிறது.

அதற்கு அப்புறம் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை, எதிர்பார்த்தபடியே. "அடுத்த தடவை பழத்தைப் பார்த்ததும் குனியறதுக்கு முன்னால என்ன ஒண்ணு செய்யலாம்?" என்று மட்டும் கேட்டார். நான் யோசித்துச் சொன்னேன், பெரிய மண்டோரிடம் கேட்கலாம். என்ன கேட்கலாம்? ஏன் கிடக்கிறது என்று.

மறுநாள் கேட்டேன். ஆரம்பத்தில் மழுப்பினார். மூன்றாம் நாள் சொன்னார். போன வருடம் ஸ்டோருக்குப் புதுச் சாக்கு வந்திருக்கிறது, பழையதைவிடப் பெரியது. உதிரிக்கு மூட்டைக் கணக்கில்தான் காசு. சாக்கு பெரிதாகிவிட்டது, மூட்டைக்கான காசு அப்படியே இருக்கிறது. பொறுக்குகிறவர்கள் கணக்குத் தெரியாதவர்களா? பாதி மூட்டையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வருடமாகத் தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம், அலுவலகத்தில் மட்டும் தெரியவில்லை. ஐஎஸ்பி என்று சொல்கிற தோட்ட நிர்வாகிகள் சங்கத்தின் பரிட்சை எல்லாம் எழுதித் தேறினவள் நான். மண், உரம், காண்டாமிருக வண்டு, கனோடெர்மா என்ற அழுகல் நோய், கணக்கு வழக்கு, எல்லாம் அதில் உண்டு. சாக்கு பெரிதானால் பழம் தரையில் கிடக்கும் என்பது எந்தத் தாளிலும் இல்லை.

மூட்டைக் காசைத் திருத்தத் தலைமையகத்தோடு ஐந்து வாரம் இழுபறி. பிப்ரவரியில்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக, அதாவது ரிங்கிட்டாக, ஏறியிருந்தது, செலவு என்று வாயைத் திறந்தாலே அங்கே முகம் மாறும் நேரம். கடைசியில் கிடைத்தது. இதனால் எண்ணெய் விகிதம் ஏறியதா என்று கேட்பீர்கள். ஏறியது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது, நடுவில் மழையும் ஆள் பற்றாக்குறையும் இருந்தன. ஆனால் மண்டோர் அண்ணன் இப்போது வாரத்துக்கு இரண்டு முறை அலுவலகத்துக்கு அவராகவே வருகிறார். முன்பெல்லாம் கூப்பிட்டால்தான் வருவார்.

அக்கா ஒரு நாள் தோட்டத்துக்கு வந்ததும் இந்தச் சேவையில்தான் அடக்கம். நாள் முழுக்க நம் பின்னாலேயே வருவார், வாயைத் திறக்க மாட்டார், மாலையில் உட்கார்ந்து பேசுவார். கிள்ளானில் இருந்து நாலரைக்கே கிளம்பி, ஈஜோக் வழியாக இருட்டில் காடி ஓட்டிக்கொண்டு பெரட்டுக்கு வந்து சேர்ந்தார். காலில் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து. முந்தின நாள் மழை. ஏழு மணிக்கெல்லாம் அது வெள்ளையாக இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊரை அவருக்குச் சுற்றிக் காட்டுகிற சாக்கில் தென்னமரம் தோட்டத்து வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். 1917-ல் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்ட இடம். பெயர் தென்னை, நட்டது செம்பனை என்று அக்கா சிரித்தார். ஊர்ப் பெயரும் இப்போது பத்தாங் பெர்ஜுந்தை இல்லை, 2007-ல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, ஆனால் எங்கள் டிரெஸ்ஸர் இன்னும் பழைய பெயரைத்தான் எழுதுகிறார் என்றேன். "அப்ப உங்களை மட்டும் ஒரே வாரத்துல புதுப் பேர்ல கூப்பிடணும்னு எதிர்பார்த்தீங்களா?" என்று கேட்டார். நாள் முழுக்க வாயைத் திறக்க மாட்டேன் என்ற ஒப்பந்தத்தை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான்.

மாலையில் இன்னொன்றும் கேட்டார். "காலையில இருந்து பார்க்கிறேன். நீங்க அவங்களை என்னன்னு கூப்பிடறீங்க?" யோசித்துப் பார்த்தேன். மண்டோர், கிராணி, கண்டக்டர். எல்லாம் வேலைப் பெயர். சின்ன துரையாக இருந்த காலத்தில் வாய் நிறைய அண்ணே, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், மேனேஜரானதும் கண்டிப்பு வேண்டுமே என்று அதைச் சத்தமில்லாமல் விட்டிருக்கிறேன். அவர்கள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை என்று நான் அழுதுகொண்டிருந்த அதே வாரத்தில். மறுநாள் காலைப் பெரட்டில் "அண்ணே" என்று கூப்பிட்டபோது அந்த மனிதர் குறிப்புப் புத்தகத்தில் இருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஒரு வாரம் கழித்து அவர் வாயில் இருந்து "மேனேஜரம்மா" வந்தது. இப்போது எல்லாருக்கும் அதுதான்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா ஆறாவது சந்திப்புக்கு முந்தின வாரம். வழக்கமாகத் துரையை அழைத்து மாலை போட்டு மரியாதை செய்வார்கள். கோயில் தலைவர் தயங்கித் தயங்கி வந்து, "இந்த வருசம் மாலையை உங்க வீட்டுக்காரருக்குப் போட்டுடலாமாமா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தமிழ்ப்பள்ளி வாத்தியார். அவருக்கும் தோட்டத்துக்கும் உள்ள சம்பந்தம் நான் சமைக்கிற சாப்பாட்டோடு முடிந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் பதில் சொல்லாமல் "ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றேன்" என்றேன். அந்த இரண்டு நாளும் கோச்சிங் கற்றுத்தந்தது என்றுதான் சொல்ல வேண்டும், பழைய நான் அங்கேயே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசியிருப்பேன்.

அக்காவிடம் அவசரமாக ஒரு போன். பதினைந்து நிமிடம் பேசலாம், இடையில் இரண்டு தடவை அப்படி அழைக்கச் சலுகை உண்டு. அவருடைய படிவத்தில் நாலு கட்டம் இருக்கும், விட்மோர் காலத்து முறை: என்ன வேண்டும், இப்போது நிலை என்ன, என்னென்ன வழி, எதைச் செய்யப்போகிறாய். மாலை விஷயத்தை அந்தக் கட்டத்துக்குள் போட்டால் "என்ன வேண்டும்" என்ற இடத்திலேயே நான் மாட்டிக்கொண்டேன். மாலை வேண்டுமா? வேண்டாம். மாலை வீட்டுக்காரருக்குப் போக வேண்டுமா? செத்தாலும் வேண்டாம். பிறகென்ன? கோயில் தலைவர் என்னிடம் வந்து கேட்க வேண்டிய சங்கடம் அடுத்த வருடம் வரக் கூடாது. அதுதான் வேண்டும் என்று சொன்னதும் வழி தானாகத் தெரிந்தது. தலைவரைக் கூப்பிட்டு, மரியாதை தோட்டத்துக்குத்தானே, நாற்பது வருடம் வேலை பார்த்த மூத்த தொழிலாளி ஒருவருக்கும் எனக்கும் சேர்த்துப் போடுங்கள் என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. உதிரி பொறுக்கி ஓய்வு பெற்ற ஒரு பாட்டிக்குப் போட்டார்கள். வீட்டுக்காரர் அன்னதானத்தில் சாம்பார் வாளி தூக்கினார்.

இனி குறைகள்.

எட்டில் மூன்று சந்திப்பு கணினி வழியாக. எங்கள் பங்களாவில் லைன் எப்போது வரும், எப்போது போகும் என்று அம்மனுக்கே வெளிச்சம். நான் கண்ணீர் விடப்போகும் நேரத்தில் படம் உறைந்து நின்று, திரும்பி வந்தபோது அக்கா "சொல்லுங்க, கேட்குது" என்றார். எனக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. பங்களாவில் இருந்து பேசியதெல்லாம் வீண் என்றே கணக்கு வைத்திருக்கிறேன். பிற்பாடு ஊருக்குள் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருக்கிற ஓர் அறையை மணிக்கணக்கில் எடுத்து அங்கே போய் உட்கார்ந்தேன். கீழே ரொட்டி சானாய் அடிக்கிற சத்தம் இருந்தாலும் லைன் அறுபடவில்லை.

இரண்டாவது குறை கொஞ்சம் கனமானது. இந்த ஏற்பாட்டில் மூன்று கை உண்டு: நான், கோச், காசு கட்டுகிற கம்பெனி. தொடக்கத்திலேயே மூவரும் உட்கார்ந்து இலக்குகளைப் பேசி எழுதிக்கொண்டோம். உள்ளே பேசுவது வெளியே போகாது, எத்தனை சந்திப்பு நடந்தது, பொதுவாக எந்த இலக்கில் வேலை நடக்கிறது, இது மட்டும்தான் மேலே போகும் என்று ஒப்பந்தம். ஐசிஎஃப் நடத்தை நெறியிலும் ரகசியம் காப்பது முக்கியமான விதி. அப்படி இருக்க, பாதியில் வட்டாரத் தலைவருக்குப் போன ஒரு பக்க அறிக்கையில் நான் சொன்ன ஒரு வாக்கியம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. தலைமையகத்தைப் பற்றிச் சொன்ன வாக்கியம். கெட்ட எண்ணம் இல்லை, அக்காவின் குறிப்பை அலுவலகத்துப் பெண் ஒருவர் சுருக்கும்போது உள்ளே வந்துவிட்டது. தலைவர் நல்லவர், "நல்லாத்தான் சொல்லியிருக்கே" என்று சிரித்தார். வேறு தலைவராக இருந்தால் என் கதை என்ன? அக்கா அன்றே போன் செய்து மன்னிப்புக் கேட்டார், சாக்குப்போக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தாளும் நான் படித்து ஒப்புக்கொள்ளாமல் மேலே போகவில்லை. ஆனால் அடுத்த சந்திப்பில் நான் வாயை முழுதாகத் திறக்கவில்லை என்பதும் உண்மை. அந்த ஒரு சந்திப்பின் காசு என் மனதில் நஷ்டக் கணக்கில்தான் இருக்கிறது. நீங்கள் போனால் முதல் நாளே இதை எழுத்தில் கேளுங்கள்: மேலே போகிற தாளை முதலில் யார் பார்ப்பது?

காசு. மொத்தம் 14,000 வெள்ளி, கம்பெனி கட்டியது. ஒரு சந்திப்பு எழுபத்தைந்து நிமிடம், எட்டுப் பேர் பேட்டி, தோட்டத்துக்கு வந்த ஒரு நாள், இரண்டு அவசரப் போன், எல்லாம் அதில் அடக்கம். கிள்ளானில் இருந்து வந்துபோன பெட்ரோலும் டோலும் தனி. சோதனைக்கும் தனியாக ஒரு தொகை, அதை வேண்டாம் என்று சொல்லலாமாம், யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊழியர் பயிற்சிக்கான அரசாங்க அமைப்பான எச்ஆர்டி கோர்ப்புக்கு லெவி கட்டுகிற கம்பெனியாக இருந்தால் அதில் எடுக்க முடியுமா என்று உங்கள் ஆள்பலப் பிரிவில் விசாரியுங்கள், ஆனால் தொடங்கும் முன்பே விசாரியுங்கள், முடிந்த பிறகு போய் நின்றால் ஒன்றும் கிடைக்காது.

சொந்தக் காசாக இருந்தால் முழுத் தொகைக்கும் போயிருப்பேனா? மாட்டேன். பேட்டியும், தோட்டத்துக்கு வரும் நாளும், நேரில் நாலு சந்திப்பும் போதும் என்று பேரம் பேசியிருப்பேன். பேட்டி இல்லாத கோச்சிங் என்றால் என் பக்கத்துக் கதையை நானே சொல்லி நானே தலையாட்டிக்கொள்வதுதான். உதிரிப் பழம் என்ற வார்த்தை என் வாயில் இருந்து வந்திருக்கவே வந்திருக்காது, எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லையே.

எப்போது தொடங்குவது என்பதில் நிறுவனத்துக்கும் எனக்கும் கருத்து வேறு. பதவி ஏற்ற அன்றே தொடங்க வேண்டும் என்கிறார்கள், முதல் நூறு நாள்தான் முக்கியமாம். என் அனுபவத்தில் முதல் மாதம் ஸ்டோர் சாவி எது, எம்எஸ்பிஓ என்ற செம்பனை எண்ணெய்ச் சான்றிதழுக்கான தணிக்கைக் கோப்பு எந்த அலமாரியில் என்று தெரிவதற்கே சரியாகப் போயிற்று. முதல் சந்திப்பில் பேச எனக்கு வெறும் பயம்தான் இருந்தது. ஒன்றரை மாதம் தள்ளித் தொடங்கியிருந்தால் கையில் சரக்கு இருந்திருக்கும்.

என்னோடு பதவி உயர்வு பெற்ற இன்னொருவர், வேறு மாநிலத்தில் இருக்கிறார், இதே நிறுவனத்தில் வேறு கோச். எட்டையும் முடித்துவிட்டு "சும்மா பேசிட்டு இருந்தோம்" என்றார். அவர் பேட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கீழே இருப்பவர்களிடம் போய்த் தன்னைப் பற்றிக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று பட்டிருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாலாவது சந்திப்பு முடிந்த அன்றைக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை.

செப்டம்பரில் முடிந்ததும், அடுத்த வருடத்துக்கு இரண்டு சந்திப்பை மட்டும் என் சொந்தச் செலவில் கேட்டு வைத்திருக்கிறேன். பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்யும் வேலை ஒரு பகுதியில் தொடங்குகிறது, கூடவே ஒரு சின்ன துரை மாற்றலாகிப் போகிறார். இந்த முறையும் பெரட்டுக்கே வந்துவிடுகிறேன் என்றார் அக்கா. சப்பாத்துக்கு என்ன செய்வீர்கள் என்றேன். என் கால் அளவைக் கேட்டார். சொன்னேன். அவருக்கும் அதே அளவுதான். ஸ்டோரில் என் பழைய பூட்ஸ் ஒரு ஜோடி கிடக்கிறது, கழுவிக் காயவைத்துவிட்டேன்.